நீலச்சிறகிகளை எண்ணியவர்

"எண்ணுனீங்களா?"

அவர் என்னிடம் முதன்முதலில் பேசியது இந்த ஒரு சொல்தான். வணக்கம் இல்லை, எந்த ஊர், என்ன பேர் என்ற விசாரிப்பு இல்லை.

மார்கழி முடியப்போகிற சமயம். தென்காசியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது. கேமராவும் நானும் சும்மா இருப்போம். அந்த நாட்களில் நீள லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய குளத்துக்குப் போய்ப் பறவைகளைப் படமெடுப்பது எனக்குப் புதிதாகப் பிடித்திருந்த கிறுக்கு. அன்று குளத்தங்கரையை ஒட்டிப் போகும் மின்கம்பிகள் முழுக்கத் தகைவிலான்கள் உட்கார்ந்திருந்தன. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருகிற சின்னஞ்சிறு குருவிகள். ஒரு படம் எடுத்து, மாவட்டத்துப் பறவை ஆர்வலர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில், 'இன்று காலை ஆயிரத்துக்கும் மேல்!' என்று எழுதிப் போட்டேன்.

போட்ட அடுத்த நிமிடம், அதே கரையில் கொஞ்சம் தள்ளி நின்றிருந்த ஒரு பெண் கையில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நேராக நடந்து வந்தார். கறுப்புப் பர்தா, கழுத்தில் பைனாகுலர், காலில் சேறு அப்பிய கேன்வாஸ் ஷூ. என்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும்.

"எண்ணுனீங்களா?"

"எண்ணணுமா என்ன? பாத்தாலே தெரியுதுல்லா. ஆயிரம் இருக்கும்."

"இருக்கும்னா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என் கேமராவின் சின்னத் திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவில் உள்ளதை அவர் எண்ணினார். என்னையும் தனியாக எண்ணச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் அடுத்த கம்பத்துக்கு நகர்ந்தோம். கடைசியில் வந்தது நானூற்றுப் பதினொன்று.

"அப்பம் ஆயிரம்?" என்றேன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"அது உங்க சந்தோசம் அண்ணாச்சி. தகைவிலான் நானூத்திப் பதினொண்ணு."

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. "எழுதுறதுன்னா எழுதிக்கிடுங்க, பேரு மட்டும் வேண்டாம்" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். குளத்தின் பெயரும் கிடையாது. பெயர் வெளியே தெரிந்தால், என்னைப் போல லென்ஸ் தூக்கியவர்கள் நூறு பேர் வந்து நிற்பார்கள் என்பது அவருடைய பயம். இதில் 'நூறு' நான் சொல்வது. அவர் 'நிறைய' என்றுகூடச் சொல்லவில்லை. 'போன மாசம் ஒரே நாள்ல பதினாலு பேரு' என்றுதான் சொன்னார்.

சொந்த ஊர் கடையநல்லூர். தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே எல்லாருக்கும் அவர் 'லேப் அக்கா'. கணவர் வளைகுடாவில் எலெக்ட்ரீஷியன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போவார். ஒரே மகள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் பறவை பார்க்கத் தொடங்கிய கதை ரொம்பச் சாதாரணமானது. மருத்துவமனைக்காரர்கள் குளத்தை ஒட்டிய ஊரில் இலவச முகாம் நடத்தியிருக்கிறார்கள். மத்தியானம் ஆள் வரத்து நின்றுபோனது. சும்மா கரையில் ஏறி நின்றவர், தண்ணீரில் மிதந்த வாத்துகளை எண்ணியிருக்கிறார். "மைக்ராஸ்கோப்புல செல்லு எண்ணுற கண்ணு அண்ணாச்சி, எதப் பாத்தாலும் எண்ணிரும்" என்பார். மறு ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு எண்ணிய அத்தனையும் இருக்கிறதா என்று பார்க்கப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

கார்த்திகையில் குளம் நிறையத் தொடங்கியதிலிருந்து பங்குனியில் வற்றுகிற வரை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் காலையில் அங்கே இருப்பார். எல்லாம் நோட்டில் இருக்கும். அவருடைய நோட்டைப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் கவனித்தேன். சில நாட்களுக்கு எதிரே பூச்சியம் இருந்தது, சில நாட்களுக்கு எதிரே சின்னக் கோடு இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

"அது எப்படி ஒண்ணாகும்? போய்ப் பாத்து ஒண்ணும் இல்லைன்னா பூச்சியம். போகவே இல்லைன்னா கோடு." ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார். "இது எங்க வாப்பா மௌத்தாகி அடக்கம் பண்ணுன வாரம். இது மகளுக்கு அம்மை போட்டிருந்தப்ப. அன்னிக்கு இங்கன பத்தாயிரம் வாத்து வந்திருந்தாலும் எனக்குத் தெரியாதுல்லா."

இந்த நேர்மை ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நான் படம் எடுக்கிறவன். மணப்பெண்ணின் முகத்தில் பருவை அழித்து, வானத்தில் இல்லாத மேகத்தைப் போட்டுக் கொடுக்கிறவன். ஒருநாள் அவர் கணவர் விடுமுறைக்கு வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், கொஞ்சம் கவித்துவமாக இருக்கட்டும் என்று, "உங்க வீட்டுக்காரரும் ஒரு வலசைப் பறவைதான், இல்லையா?" என்று சொல்லிவைத்தேன்.

"அவரு டிக்கெட் போட்டு, லீவு கேட்டு, ரெண்டு பெட்டியில சாமானோட வாராரு. இதுக ஒண்ணும் இல்லாம வருது. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் மரியாதை இல்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஒரு ஐப்பசியில் என் மனைவிக்குக் காய்ச்சல். நாலு நாளாக விடவில்லை. ஊரெல்லாம் டெங்கு. அவர் வேலை பார்க்கிற அதே மருத்துவமனைக்குத்தான் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். மெஷினில் வந்த தட்டணுக்களின் எண்ணிக்கை பயப்படும் அளவுக்குக் கீழே இருந்தது. 'உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருங்க' என்று டாக்டர் சொல்ல, என் மைத்துனன் கார் பிடிக்க ஓடினான். மனைவி பிடித்த பிடியில் என் கையை விடவே இல்லை.

அப்போது லேபின் கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தார். நேராக டாக்டரிடம் போனார்.

"சார், பத்து நிமிசம் குடுங்க. மெஷின் சொல்லுதத நான் இன்னும் கண்ணால பாக்கல."

"பேஷண்ட் நிலைமை தெரியும்லா?"

"தெரியும் சார். அதான் கேக்கேன்."

அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் குனிந்து அசையாமல் இருந்தார். குளத்தங்கரையில் பைனாகுலரோடு நிற்பாரே, அப்படியே. பிறகு வந்து என் மனைவியின் இன்னொரு கையில், வேறு மாதிரிக் குப்பியில் திரும்பவும் ரத்தம் எடுத்தார். மறுபடி கண்ணாடியில் தடவி, மறுபடி எண்ணினார்.

"முதக் குப்பியில அணு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு சார். மெஷின் ஒரு கூட்டத்த ஒண்ணுன்னு எண்ணிட்டு. இப்பம் சரியா வந்திருக்கு. குறைவுதான், ஆனா பயப்படுற மாதிரி இல்ல."

டாக்டரும் போய்ப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மூன்று நாளில் மனைவியை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நன்றி சொல்லப் போனபோது அவருக்கு அது கூச்சமாக இருந்தது. "எண்ணுறதுக்குத்தான அண்ணாச்சி எனக்கு வேலை குடுத்திருக்கு" என்றார். அன்றிலிருந்து குளத்தங்கரையில் நான் 'இருக்கும்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதை விட்டேன். முழுசாக விட்டேன் என்று சொன்னால் அது பொய். குறைத்துக்கொண்டேன்.

குற்றாலத்துக்கு எல்லாரும் ஆனி ஆடிச் சாரலில் போவார்கள். அவர் போவது புரட்டாசியில். கூட்டமெல்லாம் வடிந்து, எண்ணெய்க் கடைகளும் பழக் கடைகளும் பாதி பூட்டிக்கிடக்கும் சமயத்தில், அருவிக்குக் கீழே ஓடைப் பாறைகளுக்கு வருகிற சாம்பல் வாலாட்டிக்காக. வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவுகிற, வயிற்றில் மஞ்சள் பூசின மாதிரி இருக்கும் ஒல்லிப் பறவை. இமயமலைப் பக்கமிருந்து வருகிறது. முதல் வாலாட்டி எந்தத் தேதியில் வந்தது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "சீசன்தான் முடிஞ்சு போச்சே, தண்ணியும் நூலு மாதிரி விழுது. இப்பம் என்னத்துக்கு வாறீங்க?" என்றார்.

"எங்க சீசன் இப்பந்தான் ஆரம்பிக்கு" என்றார் இவர்.

அன்று வாலாட்டி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வந்து, இருட்டும் முன் திரும்பிவிடுவார். எட்டாம் நாள் வந்தது. அதற்கு முந்தைய வருடங்களைவிட அது பிந்தித்தான் வந்திருக்கிறது என்று நோட்டு சொன்னது. "ஏன் பிந்திட்டு?" என்று கேட்டேன். பருவநிலை மாற்றம், அது இது என்று ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியல. ஒரு வருசத்த வச்சு என்ன சொல்ல? பாப்போம்."

'தெரியல' என்பதை அவ்வளவு நிம்மதியாகச் சொன்ன இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை.

ஆனால் சில விஷயங்கள் பல வருடங்களாகவே நோட்டில் தெரிந்துகொண்டிருந்தன. குளத்தில் நீலச்சிறகிகள் குறைந்துகொண்டே வந்தன. நீலச்சிறகி என்பது கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு போட்ட சின்ன வாத்து. எங்கோ வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கும். அவர் எண்ணத் தொடங்கிய காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தது. நான் அவரைச் சந்தித்தபோது ஐம்பது அறுபதாகிவிட்டது. அப்புறம் இருபது. கடைசி வருடம் ஏழு. ஊசிவால் வாத்து முழுசாகவே நின்றுபோனது. குளத்தில் ஆகாயத்தாமரை படர்ந்து, தூரத்தில் இருந்து பார்த்தால் புல்வெளி மாதிரி இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு திட்டம் வந்தது. குற்றாலம் வருகிற கூட்டத்தை இந்தப் பக்கமும் இழுக்க, குளத்தின் ஒரு மூலையை மேடாக்கி வண்டி நிறுத்த இடம், கடைகள், படகு. 'குளந்தான் செத்துப்போச்சே, பறவைகூட வாறதில்ல' என்று பேச்சு. கருத்துக் கேட்க ஊர் சமுதாயக்கூடத்தில் கூட்டம் வைத்திருந்தார்கள். பறவை எண்ணுகிறவர் என்று அவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

முந்தின நாள் சாயந்திரம் நாங்கள் ஐந்தாறு பேர் என் ஸ்டூடியோவில் கூடினோம். எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னோம்: ஆயிரம் வாத்து வருகிறது என்று சொல்லிவிடுங்கள். யார் வந்து எண்ணப்போகிறார்கள்? நல்ல காரியத்துக்குத்தானே.

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"லேபுக்குச் சில பேரு வருவாங்க அண்ணாச்சி. வேலைக்கு மெடிக்கல் போகணும், சுகரக் குறைச்சு எழுதிக் குடுங்கன்னு கேப்பாங்க. நல்ல காரியந்தான், வேலை கிடைக்கும். எழுதிக் குடுத்தா அவங்களுக்கு அப்புறம் யாரு மருந்து குடுப்பா?"

"நாளைக்கு நீங்க ஏழுன்னு சொன்னா குளம் போயிரும்மா" என்றேன்.

"போனாலும் போவும்" என்றார். கீழே வைத்த டீயைத் திரும்ப எடுக்கவில்லை. அவருக்கும் பயம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் கூட்டத்தில் அதிகாரி நேரடியாகவே கேட்டார். "இந்த வருஷம் எத்தனை வாத்து வந்துச்சு மேடம்?"

"ஏழு சார்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பின்னால் யாரோ, "ஏழு பேருக்காகவா இம்புட்டு ரகள?" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் அவர் மேல் ஆத்திரம்.

அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு பையிலிருந்து நோட்டுகளை எடுத்து மேஜையில் அடுக்கினார். பதினாறு.

"இது பதினாறு வருசம் சார். வாத்து எத்தனைன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கேன். பக்கத்துல தண்ணி எவ்வளவு தெரியுதுன்னு எழுதியிருக்கேன். மடையில நின்னு பாத்தா அக்கரைப் பனை வரைக்கும் தண்ணி தெரியுதா, பாதி தெரியுதா, காவாசி தெரியுதான்னு. வாத்துக்குத் தரை வேண்டாம், தண்ணி வேணும். தண்ணி தெரிஞ்சப்ப வந்திருக்கு. மூட மூடக் குறைஞ்சிருக்கு. குளம் செத்ததால வராம இல்ல. மூடிக்கிட்டதால வரல. அப்படித்தான் எனக்குத் தோணுது. உறுதியாத் தெரியாது. திறந்து பாத்தாத்தான் தெரியும்."

அதிகாரி ஒரு நோட்டைப் புரட்டினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாசன சங்கத் தலைவர் எழுந்து வந்தார். அறுபது தாண்டிய விவசாயி. பறவைக்காரர்கள் என்றாலே ஆகாது. 'சிறவி வந்தா என் வயலுக்குத் தண்ணி வருமா?' என்று கரையில் வைத்தே எங்களை விரட்டியிருக்கிறார். சிறகியை அவர் 'சிறவி' என்றுதான் சொல்வார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரும் குனிந்து பார்த்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"இது என்னம்மா எழுதியிருக்கு? மடைக்கு முன்னால முழுசும் மூடியாச்சுன்னா?"

"ஆமா அண்ணாச்சி. அந்த வருசந்தான் மடை வாசல் வரைக்கும் ஆகாயத்தாமரை வந்திச்சு."

தலைவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "ஏலே, இதுல எழுதியிருக்க இந்த வருசம்தான்டே நம்ம கடைமடைக்குத் தண்ணி வாறது நின்னுச்சு. மூணு வருசமா பிசான நெல்லு வைக்காமத் தரிசாக் கெடக்கே, அது இந்த வருசத்துல இருந்துதான்."

அதற்குப் பிறகு கூட்டத்தின் பேச்சே மாறிவிட்டது. வாத்துக்காகப் பேசியவர் அவர் ஒருத்தர்தான். மடைக்காகப் பேச எழுபது எண்பது பேர் இருந்தார்கள். வண்டி நிறுத்தும் திட்டத்தை அன்றே கைவிட்டார்கள் என்றெல்லாம் இல்லை. முதலில் குளத்தைச் சுத்தம் செய்யலாம், பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்றார் அதிகாரி. அந்த 'பிறகு' இன்றுவரை வரவில்லை.

சித்திரையில் ஜேசிபி இறங்கியது. கரை நெடுகிலும் ஆகாயத்தாமரை மலை மலையாகக் கிடந்து நாறியது. விவசாயிகள் டிராக்டரில் அள்ளிப்போய்த் தென்னைக்கு மூடாக்குப் போட்டார்கள். ஐப்பசி மழையில் குளம் பெருகி, பல வருடத்துக்குப் பிறகு அக்கரைப் பனை வரை ஒரே தண்ணீர்ப் பரப்பு. எங்களுக்கெல்லாம் வாத்து வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

வரவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. ஒரு சிறகிகூட இல்லை. கடைமடை வரை நாற்று நட்டுப் பச்சையாக நின்றது. தலைவருக்குச் சந்தோஷம், ஆனாலும் கரையில் எங்களைக் கண்டால், "எங்கம்மா உங்க சிறவி? வழி மறந்து போச்சோ?" என்று கேட்காமல் விடமாட்டார். தை வந்ததும், முகூர்த்தம் தொடங்கிவிட்டதென்று நான் குளத்துக்குப் போவதை விட்டேன். நிஜக் காரணம் அதுவல்ல, மனம் விட்டுப்போயிருந்தது. அவர் மட்டும் போய்க்கொண்டிருந்தார்.

"பூச்சியம் எழுதுறதுக்கா ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு வாறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பூச்சியத்த எழுதி வச்சாத்தான் அண்ணாச்சி, ஒண்ணு வந்தா அது வந்திருக்குன்னு தெரியும்."

அந்தப் பருவம் முழுக்கப் பூச்சியம். ஒரு கோடுகூட இல்லை.

அடுத்த வருடம் மார்கழி மூன்றாவது ஞாயிறு. நான் கரையில் ஏறும்போதே அவர் பைனாகுலரை இறக்காமல் ஒரு கையால் 'மெதுவா' என்று சைகை காட்டினார். தூரத்தில், பனை நிழல் விழுகிற இடத்தில், சின்னச் சின்னப் புள்ளிகளாக மிதந்தன. நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு.

அவர் மூன்று தடவை எண்ணினார். என்னையும் எண்ணச் சொன்னார். இருபத்து மூன்று.

"திரும்பி வந்துட்டுன்னு போட்டுருதேன்!" என்று போனை எடுத்தேன்.

"இருங்க. வேற ஏதாச்சும் குளத்துல தண்ணி இல்லாம இங்கன ஒதுங்கியிருக்கலாம். இன்னும் ரெண்டு மூணு வருசம் பாக்கணும். இருபத்தி மூணு வந்திருக்குன்னு மட்டும் போடுங்க."

சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். பைனாகுலர் கண்ணாடியைப் பர்தாவின் நுனியால் துடைத்தார். அன்று பனி கிடையாது. ரொம்ப நேரம் துடைத்தார். நான் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஊசிவால் வாத்து இன்னும் வரவில்லை. மின்கம்பியில் தகைவிலான் நூறைத் தாண்டுவதில்லை. ஏன் என்று அவரிடம் கேட்டால் அதே பதில்தான்: தெரியல.

இருபத்து மூன்று வந்த அந்த வருடமே அவருடைய கணவருக்கு வளைகுடாவில் நெஞ்சுவலி வந்து ஆபரேஷன் ஆனது. வேலையை உடனே விட்டுவர முடியாத நிலைமை. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டிருந்தது. இவர் வேலையை விட்டுவிட்டு அங்கே போவதென்று முடிவானது. கிளம்பியது ஆனி மாதம், சாரல் நேரம். திருவனந்தபுரம் விமானத்துக்குப் போகிற வழியில் கார் என் ஸ்டூடியோ முன்னால் நின்றது. நோட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு கட்டாகக் கட்டியிருந்தார். ஒன்று எனக்கு.

"இன்னொண்ணு யாருக்கும்மா?"

"தலைவருக்கு. மடைச் சாவி அவருகிட்டதான இருக்கு. போற வழியில குடுத்துருதேன்."

"அந்த மனுசன் அதுல வடை மடிச்சுருவாரு."

"மடிச்சா மடிக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு இருக்குல்லா."

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் பேசுவார். அங்கே வெள்ளிதான் விடுமுறை நாள். கணவர் நன்றாக இருக்கிறாராம். இவர் அவரையும் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப்போகிறாராம். "இங்கன கடலோரத்துல உள்ளான் கூட்டம் நிக்கு அண்ணாச்சி" என்றார் போன மாதம். உள்ளானும் குளிருக்கு வலசை வருகிற சின்னக் கரைப்பறவைதான்.

"அது இங்கிட்டுத்தான் வரும், என்ன?" என்றேன்.

"தெரியல. எங்கிட்டச் சொல்லலையே."

இந்தத் தையில் ஒரு ஞாயிறு, பண்பொழியில் கல்யாணம். முகூர்த்தத்தை எடுத்து முடித்துவிட்டுக் குளத்துக்குப் போகும்போது வெயில் ஏறியிருந்தது. பிந்திவிட்டோமே என்ற உறுத்தலோடு கரையில் ஏறினேன். மடைக்கு மேலே பாசன சங்கத் தலைவர் தனியாக நின்றிருந்தார். துண்டைத் தலையில் போட்டு, கையை நெற்றிக்குக் கொடுத்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது.

குளத்தின் நடுவில் நீலச்சிறகிகள். அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் அங்கே பார்த்ததில்லை. எத்தனை என்று எனக்குத் தெரியாது, எண்ணியிருக்கவில்லை.

"அண்ணாச்சி" என்றேன்.

அவர் திரும்பாமலே இடது கையை நீட்டி என்னைத் தடுத்தார். "பேசாதீரும். தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி அஞ்சு..."

அந்த நேரம் பார்த்து ஒரு செம்பருந்து குளத்துக்குக் குறுக்கே தாழ்ந்து பறந்தது. மொத்தக் கூட்டமும் சட்டென்று கிளம்பி, வெயிலில் ஒருமுறை சுற்றி, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் இறங்கியது. எல்லாம் கலைந்துவிட்டது. தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு பருந்தைத் திட்டினார்.

"நூத்தம்பது இருக்கும், போதும் அண்ணாச்சி" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டார். வடக்கு ஓரத்தில் இருந்த முதல் சிறகியைப் பார்த்து விரலை நீட்டினார். நெல் அளக்கும்போது எங்கள் பக்கத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், அதற்குப் பதிலாக ஒரு நல்ல சொல்லைச் சொல்வார்கள். அவருக்கு அந்த வழக்கம்தான் வந்தது.

"லாபம்," என்றார். "ரெண்டு. மூணு."